பதுமியில் ரெண்டு நாளாக டிரா. மாமனார் கேட்கிறார்: "அப்ப யாருதான் ஜெயிச்சது?"

கடற்கரைச் சிப்பாய் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)
27 ஜூலை 2025, இரவு 9.48

நேற்றும் இன்றும் எங்கள் வீட்டு டிவியில் வேறு எதுவும் ஓடவில்லை. மகளிர் செஸ் உலகக் கோப்பை ஃபைனல். ஜார்ஜியாவில் பதுமி என்ற ஊர். கோனேரு ஹம்பி ஒரு பக்கம், திவ்யா தேஷ்முக் இன்னொரு பக்கம். யார் ஜெயித்தாலும் கோப்பை நம் நாட்டுக்குத்தான் என்பதால் முழு நிம்மதியோடு உட்கார்ந்தோம். அந்த நிம்மதியைக் கெடுத்தது என் மாமனார்.

அவர் சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். சாயங்காலமானால் பெத்தாங்க் குண்டு எறியப் போய்விடுவார். அதில் 13 புள்ளியை யார் முதலில் எடுக்கிறாரோ அவர் ஜெயித்தார், அவ்வளவுதான், பாதிப் புள்ளி என்ற பேச்சே இல்லை. ரெண்டு நாளும் குண்டு விளையாட்டை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். நேற்று 41 நகர்வில் டிரா. இன்று 34 நகர்வில் டிரா. இன்று இவர்கள் கை குலுக்கியதும் கேட்டார், "இம்மாம் நேரம் உக்காந்து எழுந்து போறாளுங்களே, அப்ப யாருதான் ஜெயிச்சது?"

டிரா மாமா என்றேன். "ஓ, நுல்" என்றார். பிரெஞ்சில் டிராவுக்கு அதுதான் பெயராம். ஒன்றுமில்லாதது, உதவாதது என்பதற்கும் அதே சொல்தானாம். பிறகு கேட்கவா வேண்டும், ராத்திரிச் சாப்பாடு முழுக்க அதே பேச்சு. தோசை நுல், சட்னி நுல்.

எட்டாவது படிக்கும் என் மகள் மட்டும் விடவில்லை. "தாத்தா, நேத்து திவ்யா அக்கா பக்கம்தான் ஆட்டம் சாஞ்சிருந்துச்சு. ஹம்பி ஆன்ட்டி அதுலேருந்து வெளிய வந்தாங்க பாருங்க, அதான் ஆட்டமே" என்றாள். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கு டைபிரேக், அதாவது வெற்றியாளரை முடிவு செய்யும் வேக ஆட்டங்கள், அதற்குள் இந்த மனிதரை வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

—

மஞ்சக்குப்பம் குதிரை (கடலூர்)
27 ஜூலை 2025, இரவு 10.05

உங்கள் மாமனார் கட்சிதான் நான். ஃபைனல் என்றால் ஃபைனல் மாதிரி இருக்க வேண்டும். 34 நகர்வில் கை குலுக்குவதற்கு எதற்கு பதுமி வரைக்கும் போக வேண்டும், நம் சில்வர் பீச்சிலேயே உட்கார்ந்து கை குலுக்கியிருக்கலாமே. பயம், அவ்வளவுதான். ரெண்டு பேரும் தோற்கக் கூடாது என்று ஆடினார்கள், ஜெயிக்க வேண்டும் என்று ஆடவில்லை.

—

வில்லியனூர் யானை
27 ஜூலை 2025, இரவு 10.11

ரெண்டு பேரும் இந்தியர். முன்னாடியே பேசி வைத்திருப்பார்கள். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது.

—

ஆர்பிட்டர் அக்கா (கடலூர் திருப்பாதிரிப்புலியூர்)
27 ஜூலை 2025, இரவு 10.32

யானைத் தம்பி, ஒருவர் மேல் பழி போடுவதற்கு முன்னால் கணக்கையாவது பார்த்திருக்கலாம். முதல் பரிசு 50,000 டாலர், ரெண்டாவது 35,000. நடுவில் 15,000 டாலர் இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: இந்தக் கோப்பையை ஜெயிப்பவருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் நேரடியாகக் கிடைக்கும். ஹம்பி 2002லேயே, 15 வயதில் அதை வாங்கிவிட்டார். திவ்யாவிடம் இன்றைய தேதியில் ஒரு ஜி.எம். நார்ம்கூட, அதாவது கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்காகப் போட்டிகளில் எடுக்க வேண்டிய தகுதிகூட, இல்லை. மூன்று நார்ம், 2500 ரேட்டிங் என்று வருஷக்கணக்கில் அலைய வேண்டியதை ஒரே கோப்பையில் வாங்கலாம் என்ற இடத்தில் இருக்கும் 19 வயசுப் பெண் எதற்காகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்?

இன்னொன்று. இது லீக் இல்லை, நாக்அவுட். ரவுண்டு ராபினில் பாதிப் புள்ளியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ரவுண்டுக்குப் போகலாம். இங்கே டிரா என்றால் யாருக்கும் லாபமில்லை, மறுபடியும் வந்து உட்கார வேண்டும், அதுவும் நேரம் குறைந்த ரேபிட் ஆட. பேசி வைத்து டிரா செய்ய இதைவிட மோசமான இடம் கிடையாது.

குதிரைத் தம்பிக்கு: பயந்து ஆடுகிற பெண்ணாக இருந்தால் திவ்யா அரையிறுதியில் டான் ஜோங்யீயை 101 நகர்வு உட்கார்ந்து ஜெயித்திருக்க மாட்டாள். டான் யார் தெரியுமில்லையா, முன்னாள் உலகச் சாம்பியன்.

—

மஞ்சக்குப்பம் குதிரை
27 ஜூலை 2025, இரவு 10.40

101 நகர்வு பார்த்தேன் அக்கா. அது ஆட்டம். அதனால்தான் இன்றைக்குக் கோபம் வருகிறது. பிரியாணி போட்ட வீட்டில் அடுத்த நாள் ரசம் சோறு.

—

லாஸ்பேட்டை எண்ட்கேம்
27 ஜூலை 2025, இரவு 11.20

ரசம் சோறு வைக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும் அதன் அருமை. சரி, விளக்கிப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

செஸ்ஸில் ஜெயிக்க வேண்டுமானால் எதிராளி தப்பு செய்ய வேண்டும். நாம் எவ்வளவு நன்றாக ஆடினாலும், அவரும் சரியாகவே ஆடிக்கொண்டிருந்தால் ஆட்டம் டிராவில்தான் போய் நிற்கும். தொடக்கத்தில் வெள்ளைக்கு இருப்பது ஒரு மூச்சு முன்னிலை மட்டும். அதை வைத்து ராஜாவை வீழ்த்த முடியாது. ஒரு சிப்பாய் கூடுதலாக எடுத்துவிட்டால்கூட ஜெயித்தாயிற்று என்று சொல்ல முடியாது. யானை முடிவாட்டம் ஆடியவர்களைக் கேளுங்கள், தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஒரு உதாரணம், சொல்தா ஐயாவுக்குப் பிடித்த மாதிரி பிரெஞ்சு உதாரணமாகவே தருகிறேன். ஃபிலிடோர் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் இருந்தார், பிரெஞ்சுக்காரர், தொழில் சங்கீதம், ஆபரா எழுதுகிறவர். அவர் பெயரில் ஒரு நிலை இருக்கிறது. வெள்ளையிடம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். கருப்பிடம் ராஜா, யானை மட்டும். கருப்பு ராஜா சிப்பாய்க்கு முன்னால் வழியை மறித்து நிற்கிறது. பார்க்கிற யாரும் வெள்ளை ஜெயிக்கும் என்றுதான் சொல்வார்கள். கருப்பு செய்ய வேண்டியது இதுதான்: தன் யானையை வெள்ளைப் பக்கமிருந்து எண்ணினால் வரும் ஆறாவது வரிசையில் நிறுத்திவிட்டு அந்த வரிசையிலேயே இடமும் வலமும் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். வெள்ளை ராஜாவால் அந்த வரிசையைத் தாண்ட முடியாது. பொறுமை இழந்து சிப்பாயை ஆறாவது வரிசைக்குத் தள்ளிய அடுத்த நிமிஷம், யானை சரசரவென்று கீழே கடைசி வரிசைக்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்க ஆரம்பிக்கும். இப்போது வெள்ளை ராஜா ஒளிந்துகொள்ள முன்னால் இடமில்லை, அங்கே தன் சிப்பாயே போய் உட்கார்ந்துவிட்டது. டிரா.

அவசரப்பட்டு முன்னாலேயே யானையை இறக்கினால் சிக்கல். தாமதித்தாலும் ஆபத்து. இதை நுல் என்று சொன்னால் ஃபிலிடோர் எழுந்து வந்து சண்டை போடுவார்.

நேற்றைய ஆட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் மகள் சொன்னதுதான் சரி. நடு ஆட்டத்தில் திவ்யாவுக்கு நல்ல வாய்ப்பு வந்தது, நழுவியது. நாம் யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் என்ஜின் காட்ட, திரையின் ஓரத்தில் ஏறி இறங்குகிற பட்டையைப் பார்த்துக்கொண்டு "அடடா விட்டுட்டாளே" என்கிறோம். அவள் முன்னால் பட்டையும் இல்லை, என்ஜினும் இல்லை. ஓடுகிற கடிகாரம் ஒன்றுதான் இருந்தது.

—

நெய்வேலி இரண்டாம் ஷிப்ட்
28 ஜூலை 2025, காலை 6.15

டூட்டி முடிந்து இப்போதுதான் படித்தேன். எண்ட்கேம் சார் எழுதியது அருமை. ஆனால் டிரா எல்லாமே புனிதம் என்கிற மாதிரி போய்விடக் கூடாது. ஒரு கதை சொல்கிறேன்.

சில வருஷம் முன்னால் நம் பக்கத்தில் நடந்த சிறுவர் போட்டி, எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். கடைசி ரவுண்டு. முதல் போர்டில் ரெண்டு பையன்கள், ரெண்டு பேருக்கும் சம புள்ளி. டிரா ஆனால் ரெண்டு பேருக்கும் கோப்பை, மூன்றாவது இடத்தில் இருந்த என் பையனுக்கு ஒன்றும் கிடையாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ரெண்டு அப்பாக்களும் வாட்டர் கேன் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். பத்து நகர்வு. குதிரை போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது. மூன்று தடவை அதே நிலை, டிரா, முடிந்தது. டேபிளில் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன், "ரூல் பிரகாரம் சரிதானே சார்" என்றார். என் பையன் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. விருத்தாசலம் ரோட்டில் இறங்கித்தான் கேட்டான், "நான் எங்கப்பா தப்பு பண்ணேன்?"

மஞ்சக்குப்பம் தம்பிக்குக் கோபம் வருவது எங்கிருந்து என்று எனக்குப் புரிகிறது.

—

ஆர்பிட்டர் அக்கா
28 ஜூலை 2025, காலை 7.02

ஷிப்ட் அண்ணா, இதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிகிறது. பேசி வைத்த டிரா விதிப்படி சரி கிடையாது. நிரூபிப்பதுதான் கஷ்டம். அதனால்தான் பெரிய போட்டிகளில் இத்தனை நகர்வுக்கு முன்னால் டிரா கேட்கவே கூடாது என்று போட்டுவிடுகிறார்கள். 2022ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் 30 நகர்வு. ஆனால் நீங்கள் சொன்ன பையன்கள் செய்ததை அந்த விதியும் தடுக்காது. மூன்று முறை ஒரே நிலை வந்தால் டிரா கேட்கும் உரிமை எப்போதும் உண்டு.

டிரா கேட்கிற முறைகூட நிறையப் பேருக்குத் தெரிவதில்லை, பெரியவர்களுக்கே. முதலில் உங்கள் நகர்வை ஆட வேண்டும். பிறகு "டிரா?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். பிறகு கடிகாரத்தை அமுக்க வேண்டும். எதிராளி யோசிக்கும்போது நடுவில் நுழைந்து கேட்கக் கூடாது, நகர்வுக்கு ஒரு தடவை கேட்டு நச்சரிக்கவும் கூடாது. கேட்டதற்கு அடையாளமாக ஸ்கோர் ஷீட்டில் சமக்குறி போட வேண்டும். மூன்று முறை நிலை என்று கேட்பதாக இருந்தால் முறை வேறு: ஆடப் போகும் நகர்வைக் காயைத் தொடாமல் ஷீட்டில் எழுதிவிட்டு, கடிகாரத்தை நிறுத்தி, ஆர்பிட்டர்களான எங்களை, அதாவது நடுவர்களை, கூப்பிட வேண்டும். குழந்தைகள் காயை நகர்த்திக் கடிகாரத்தையும் அமுக்கிவிட்டுக் கூப்பிடுவார்கள். அப்போது உரிமை போய்விடும். அழுவார்கள். நான் என்ன செய்ய?

நேற்று இவர்கள் கை குலுக்கிய பிறகு போர்டைக் கவனித்தீர்களா? எலக்ட்ரானிக் போர்டில் முடிவைச் சொல்ல ராஜாக்களை நடுக்கட்டங்களில் வைக்க வேண்டும். வெள்ளை ஜெயித்தால் ரெண்டு ராஜாவும் வெள்ளைக் கட்டத்தில். கருப்பு ஜெயித்தால் ரெண்டும் கருப்புக் கட்டத்தில். டிரா என்றால் ஒன்று வெள்ளையில், ஒன்று கருப்பில். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்தது அந்தப் பத்து நொடிதான்.

—

மஞ்சக்குப்பம் குதிரை
28 ஜூலை 2025, காலை 8.30

ஷிப்ட் அண்ணா மட்டும்தான் என் வலி தெரிந்தவர். அப்போ நார்வே மாதிரி செய்துவிட்டால் என்ன? அங்கே நார்வே செஸ்ஸில் பெண்கள் போட்டியும் நடக்கிறது, ஆண்களுக்குக் கொடுக்கும் அதே பரிசுதான் பெண்களுக்கும். கிளாசிக்கல், அதாவது நீண்ட நேர ஆட்டம், டிரா ஆனால் உடனே அர்மகெடான். வெள்ளைக்கு 10 நிமிஷம், கருப்புக்கு 7 நிமிஷம், டிரா ஆனால் கருப்பு ஜெயித்ததாக அர்த்தம். பார்க்கிறவர்களுக்கு அன்றன்றைக்கே முடிவு தெரிந்துவிடும். சொல்தா தாத்தாவும் சந்தோஷப்படுவார்.

—

லாஸ்பேட்டை எண்ட்கேம்
28 ஜூலை 2025, காலை 9.14

பார்க்கச் சுவாரசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அர்மகெடானில் என்ன ஆகிறது பாருங்கள், டிரா ஒழியவில்லை தம்பி. டிராவுக்குத்தான் முழு மரியாதை கொடுக்கிறார்கள். மூன்று நிமிஷத்தை விட்டுக்கொடுத்து ஒருவர் அதை விலைக்கு வாங்குகிறார்!

2023 உலகச் சாம்பியன் பட்டப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூ வென்ஜுன், லெய் டிங்ஜியே. 12 ஆட்டம், அதில் 9 டிரா. ஐந்தாவது ஆட்டத்தில் லெய் ஜெயித்தார், எட்டாவதில் ஜூ சமன் செய்தார், அப்புறம் மூன்று டிரா, கடைசி ஆட்டத்தில் ஜூ ஜெயித்துப் பட்டத்தைத் தக்கவைத்தார். அந்தக் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தைய டிராக்கள் இல்லாவிட்டால் அந்தப் பதைப்பு எங்கிருந்து வரும்?

—

வில்லியனூர் யானை
28 ஜூலை 2025, காலை 9.40

நேற்று சொன்னது தப்பு. பரிசுக் கணக்கு தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும் அக்கா. ஒரு சந்தேகம். ஆண்கள், பெண்கள் என்று எதற்கு இதில் தனித்தனியாக? மூளைக்கு ஆண் பெண் உண்டா?

—

ஆர்பிட்டர் அக்கா
28 ஜூலை 2025, காலை 10.20

மன்னித்தாயிற்று தம்பி. "ஆண்கள் போட்டி" என்று ஒன்று கிடையாது, பொதுப் போட்டி, அதில் யார் வேண்டுமானாலும் ஆடலாம். ஜூடித் போல்கார் பெண்கள் பட்டத்துக்கே ஆடாமல் பொதுவில் ஆடி 2735 ரேட்டிங் தொட்டவர். அவருக்கு அடுத்து 2600ஐத் தாண்டிய முதல் பெண் நம் ஹம்பிதான், 2007ல். தனிப் போட்டி இருப்பதால் பெண்களுக்குப் பணமும் இடமும் கிடைக்கிறது, அதனால் வீட்டில் தொடர்ந்து ஆட விடுகிறார்கள். நான் ஆடிய காலத்தில் ஒரு ஹாலில் எண்பது பையன்கள் இருந்தால் நாங்கள் நாலைந்து பேர் இருப்போம். பாத்ரூம்கூட ஒன்றுதான். இதற்கு மேல் சொன்னால் இழை திசை மாறிவிடும்.

—

கடற்கரைச் சிப்பாய்
28 ஜூலை 2025, மதியம் 1.35

எல்லோருக்கும் நன்றி. ஃபிலிடோர் கதையை மாமனாரிடம் சொன்னேன். ஆபரா எழுதியவர் என்றதும் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் "அவன் அந்தக் காலத்துல வேலை இல்லாம இருந்திருப்பான்" என்று முடித்துவிட்டார்.

என் மகள் ஏன் டிராவுக்கு இப்படி வரிந்துகட்டிக்கொண்டு வருகிறாள் என்று நேற்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். போன மாதம் ஒரு ரேட்டிங் போட்டியில் அவளுக்கு எதிரில் 1712 உள்ள பெண். இவள் 1412. உலகச் செஸ் அமைப்பான ஃபிடே இப்போது 1400க்குக் கீழே ரேட்டிங்கே கொடுப்பதில்லை, ஆக இவள் ஏணியின் முதல் படியில்தான் நிற்கிறாள். பெற்றோர்களை உள்ளே விடவில்லை, ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணி நேரம். சாப்பாட்டுப் பொட்டலம் என் கையிலேயே ஆறிப்போனது.

கடைசியில் இவளிடம் ராஜா, ஒரு குதிரை. அந்தப் பெண்ணிடம் ராஜா, மந்திரி (பிஷப்), ஜி5லும் ஹெச்5லும் சிப்பாய்கள். இவள் கடிகாரத்தில் 40 நொடி, நகர்வுக்கு 30 நொடி கூடும். குதிரையைக் கையில் எடுத்தாள், ஜி5 சிப்பாயைத் தட்டிவிட்டு அங்கேயே வைத்தாள். வெட்டுப்படும் என்று தெரிந்தே! எனக்கு இதயமே நின்றுவிட்டது. ராஜா வந்து குதிரையை வெட்டியது. இவள் தன் ராஜாவை மூலைக்கு எடுத்துக்கொண்டு போய் அங்கேயே ஆட ஆரம்பித்தாள். ஜி8, ஹெச்8, ஜி8, ஹெச்8. அந்தப் பெண் ஒவ்வொரு வழியாக முட்டிப் பார்த்தாள். பிறகு கை நீட்டினாள். நீட்டிய கையோடு அழுதுவிட்டாள், பாவம்.

வெளியே வந்ததும் நான் கேட்டது என்ன தெரியுமா? "குதிரையை ஏம்மா கொடுத்த, அத வச்சு ஜெயிச்சிருக்கலாமே?" என் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

—

மஞ்சக்குப்பம் குதிரை
28 ஜூலை 2025, மதியம் 1.50

ஓரச் சிப்பாய், எதிரே ராஜா மூலையில். எந்த மந்திரி இருந்தாலும் டிராதானே, இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு?

—

லாஸ்பேட்டை எண்ட்கேம்
28 ஜூலை 2025, மதியம் 2.04

இல்லை தம்பி, அங்கேதான் இருக்கிறது விஷயம். ஹெச் சிப்பாய் ராணியாகும் கட்டம் ஹெச்8, அது கருப்புக் கட்டம். மந்திரி கருப்புக் கட்டத்தில் ஓடுவதாக இருந்தால் மூலையிலிருந்து ராஜாவைத் துரத்திவிடும், வெள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும். வெள்ளைக் கட்ட மந்திரியாக இருந்தால் மட்டும்தான் டிரா. சிப்பாய் ஐயா, எந்தக் கட்டம்?

—

கடற்கரைச் சிப்பாய்
28 ஜூலை 2025, மதியம் 2.10

அவளிடம் கேட்டேன். "டி3ல இருந்துச்சு, வெள்ளைக் கட்டம். அதைப் பாத்துட்டுத்தான்ப்பா குதிரையக் கொடுத்தேன்" என்கிறாள்.

—

லாஸ்பேட்டை எண்ட்கேம்
28 ஜூலை 2025, மதியம் 2.31

அப்படியானால் 40 நொடியில் அவள் பார்த்தது இவ்வளவு: ரெண்டு சிப்பாயில் ஜி சிப்பாய்தான் ஆபத்து, அது போய்விட்டால் மிஞ்சும் ஹெச் சிப்பாய்க்கும் அந்த மந்திரிக்கும் ஒத்துவராது, தன் ராஜா ஜி7 பக்கம் இருப்பதால் மூலைக்கு ஒரு எட்டு. ஒரு குதிரையைக் கொடுத்து ஒரு சிப்பாயை எடுத்தால் நஷ்டம் என்றுதான் நம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை மறக்கத் தெரிந்த பிள்ளை.

ரேட்டிங்கில் 300 வித்தியாசம் என்றால் கீழே இருப்பவரிடம் எதிர்பார்ப்பது நூற்றுக்குப் பதினைந்து, அதாவது 0.15 புள்ளி. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு கே, அதாவது பெருக்கும் எண், 40. பாதிப் புள்ளி எடுத்ததால் 0.5லிருந்து 0.15 போக மிச்சம் 0.35, அதை 40ஆல் பெருக்கினால் 14. அந்த ஒரு டிராவுக்கு மட்டும் அவளுக்கு 14 புள்ளி ஏறியிருக்கும். அப்பாவுக்கு எவ்வளவு குறைந்தது என்று ஃபிடே சொல்லாது.

—

கடற்கரைச் சிப்பாய்
28 ஜூலை 2025, மதியம் 2.36

நிறையவே குறைந்தது சார்.

—

நெய்வேலி இரண்டாம் ஷிப்ட்
28 ஜூலை 2025, இரவு 9.20

முடிந்ததா? டூட்டியில் இருந்தேன், யாராவது சொல்லுங்கள்.

—

ஆர்பிட்டர் அக்கா
28 ஜூலை 2025, இரவு 9.27

திவ்யா! டைபிரேக் 1.5–0.5. முதல் ரேபிட் ஆட்டமும் டிரா, 81 நகர்வு. ரெண்டாவதில் கருப்புக் காயோடு ஜெயித்தாள். ஹம்பிக்குக் கடிகாரத்தில் நேரம் குறைந்துபோய், முடிவாட்டத்தில் பிடி நழுவிவிட்டது. இந்தியாவின் 88வது கிராண்ட்மாஸ்டர். பெண்களில் நாலாவது: ஹம்பி, ஹரிகா, நம் வைஷாலி, இப்போது திவ்யா. ஜெயித்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் இங்கே அழுதுவிட்டேன்.

ஹம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 38 வயது. குழந்தை பெறுவதற்காக விலகி, திரும்பி வந்து 2019ல் ஒரு தடவை, போன டிசம்பரில் ஒரு தடவை உலக ரேபிட் சாம்பியன். அந்த ரேபிட்டிலேயே இன்று தோற்றது மனசைப் பிசைகிறது. உலகச் சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ரெண்டு பேருக்கும் இடம் உண்டு, அதுவரை ஆறுதல்.

—

மஞ்சக்குப்பம் குதிரை
28 ஜூலை 2025, இரவு 9.41

அந்த 81 நகர்வு டிராவை முழுசாகப் பார்த்தேன். சரி, ஒத்துக்கொள்கிறேன், அது ரசம் சோறு இல்லை. ஆனால் நேற்றைய 34 நகர்வுக்கு இன்னும் மன்னிப்பு கிடையாது.

—

கடற்கரைச் சிப்பாய்
28 ஜூலை 2025, இரவு 10.15

மாமனார் செய்தி சொல்கிறேன். டைபிரேக் முடிந்ததும் குண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டியவர், கிளம்பவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு, "அந்த மூலை விஷயத்தக் காட்டு" என்றார். அவள் போர்டைப் பரப்பினாள். தாத்தாவுக்கு வெள்ளை: ராஜா, வெள்ளைக் கட்ட மந்திரி, ஹெச் சிப்பாய். அவளுக்கு ஒற்றை ராஜா, மூலையில்.

முக்கால் மணி நேரம் முட்டினார். கோயில் மைக்கில் ஆடி மாசத்துப் பாட்டு ஒரு பக்கம் அலறுகிறது, இவர் காதில் எதுவும் விழவில்லை. ராஜாவை ஜி6க்குக் கொண்டுவந்தார், சிப்பாயை ஹெச்6க்குத் தள்ளினார். மந்திரியை எடுத்து டி5ல் டொக் என்று வைத்துவிட்டு, "இப்ப எங்க போவ?" என்றார். ஜி8ஐ மந்திரி பார்த்துக்கொண்டிருக்கிறது. ஜி7ஐயும் ஹெச்7ஐயும் ராஜா பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளுக்குப் போக இடமில்லை. செக்கும் இல்லை.

"எங்கயும் போக முடியாது தாத்தா. அதான் டிரா. ஸ்டேல்மேட்."

கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தார். "இதுக்கு பிரெஞ்சுல பாத்" என்று மட்டும் சொன்னார். நுல் என்று சொல்லவில்லை. பிறகு காய்களைத் திருப்பி அடுக்கி, "இப்ப நான் ஓடுறேன், நீ புடி" என்று கருப்பு ராஜாவை எடுத்துக்கொண்டார். இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

—

லாஸ்பேட்டை எண்ட்கேம்
28 ஜூலை 2025, இரவு 10.22

அவருக்கு ஃபிலிடோரையும் காட்டிவிட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பீச் ரோட்டில் வண்டி விடுவதற்கு முன்னால், காந்தி சிலைப் பக்கம் வாருங்கள். போர்டு நான் கொண்டுவருகிறேன். கடிகாரம் யாரிடமாவது இருக்கிறதா?

—

மஞ்சக்குப்பம் குதிரை
28 ஜூலை 2025, இரவு 10.30

என்னிடம் இருக்கிறது, முதல் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். கருப்புப் பக்கம் பட்டனைக் கொஞ்சம் அழுத்தி அமுக்க வேண்டும், அவ்வளவுதான். தாத்தா எனக்கு எதிரில்தான் உட்கார வேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.